உள்ளே வந்தவர் எவ்வளவு பார்க்கலாம்? காவல் துறை தள ஊடுருவல் எழுப்பும் கேள்வி

2024 மே மாதத் தொடக்கத்தில், தமிழ்நாடு காவல் துறையின் முக அடையாளத் தளத்துக்குள் வெளியாள் ஒருவர் நுழைந்துவிட்டதாகச் செய்தி வெளியானது. ‘பாஸ்வேர்டு எப்படிப் போச்சு?’ என்றுதான் பலரும் கேட்டார்கள். நுழைந்தவர் கண்ணில் எதெல்லாம் பட்டது என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

என்ன நடந்தது?

சந்தேகத்துக்குரிய ஒருவரைக் காவலர் போனில் படம் எடுத்தால், ஏற்கெனவே சேமித்துள்ள படங்களோடு ஒப்பிட்டுச் சொல்லும் மென்பொருள் இது. கொல்கத்தா சி-டாக் உருவாக்கியது. 2021-இல் பயன்பாட்டுக்கு வந்தது.

அட்மின் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டு கசிந்ததாகக் காவல் துறை கூறியது. அந்தக் கணக்கால் புதிய யூசர் ஐ.டி. உருவாக்கவும், எத்தனை தேடல்கள் நடந்தன என்று பார்க்கவும் மட்டுமே முடியும் என்பது அதன் முதற்கட்ட விளக்கம்.

இந்த விளக்கத்தில் ஆறுதலும் உண்டு, கவலையும் உண்டு. பூட்டு உடைந்தாலும், அந்தக் கணக்குக்கு இருந்த எல்லை சேதத்தைக் குறைத்திருக்கும். ஆனால், புதிய ஐ.டி. உருவாக்க முடியும் என்றால், அந்தப் புது ஐ.டி.யால் எதையெல்லாம் பார்க்க முடியும்?

எல்லை போடுவது எப்படி?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் தனித்தனி எஸ்.பி.; இரண்டும் திருச்சி சரக டி.ஐ.ஜி.யின் கீழ் வருபவை. பொதுவான ஒரு டேஷ்போர்டு இருந்தால், பெரம்பலூர் எஸ்.பி.க்கு அவர் மாவட்டம், அரியலூர் எஸ்.பி.க்கு அவர் மாவட்டம், டி.ஐ.ஜி.க்கு இரண்டும் தெரிய வேண்டும். ஸ்டேஷன் எழுத்தருக்கு அவருடைய ஸ்டேஷன் போதும்.

இந்த அனுமதியை ஆளின் பெயருக்குக் கொடுக்கக் கூடாது. பதவிக்கும் பணியிடத்துக்கும் கொடுக்க வேண்டும். ஜெயங்கொண்டத்தில் இருந்த இன்ஸ்பெக்டர் பெரம்பலூருக்கு மாறினால், பழைய ஊரின் விவரம் அன்றே அவர் திரையிலிருந்து மறைய வேண்டும். எல்லைகளும் மாறும். அரியலூர் 2001-இல் தனி மாவட்டமானது, 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைந்தது, 2007-இல் மறுபடி பிரிந்தது. ஒவ்வொரு முறையும் ஆள் ஆளாகத் திருத்தினால் யாராவது ஒருவர் விடுபட்டுப் போவார்.

ரொம்ப இறுக்கினாலும் சிக்கல்தானே?

ஆமாம். பெரம்பலூரில் திருடுபோன பைக் அரியலூரில் பிடிபடலாம். பக்கத்து மாவட்ட விவரம் கிடைக்கவே கிடைக்காது என்றால், ‘உங்க பாஸ்வேர்டை கொஞ்சம் சொல்லுங்க சார்’ என்று போன் போகும். அதன்பிறகு யார் எதைப் பார்த்தார் என்றே தெரியாது. குறிப்பிட்ட வழக்குக்கு, குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டும் அனுமதி தந்து, அதைப் பதிவிலும் வைப்பதுதான் வழி.

திரையில மறைச்சா போதுமா?

போதாது. பட்டனை மறைத்துவிட்டு, சர்வர் மட்டும் எல்லா மாவட்டத் தரவையும் அனுப்பிக்கொண்டிருந்தால், விவரம் தெரிந்தவர் அதை எடுத்துவிடுவார். வடிகட்டல் சர்வரிலேயே நடக்க வேண்டும். தேடல், எக்செல் பதிவிறக்கம், மின்னஞ்சல் அறிக்கை எல்லாவற்றுக்கும் அதே எல்லை பொருந்த வேண்டும். இணையச் செயலிகளின் பாதுகாப்பு ஓட்டைகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பு, 2021 பட்டியலில் இத்தகைய அனுமதிக் குறைபாட்டைத்தான் முதலிடத்தில் வைத்தது.

கிளவுட் பாதுகாப்பு டேஷ்போர்டுகளுக்கு இது இன்னும் முக்கியம். எந்த அலுவலக சர்வர் பழுது பார்க்கப்படாமல் கிடக்கிறது என்பதைக் காட்டும் பட்டியல், தவறான கைக்குப் போனால் திருடனுக்கு வழி சொல்லும் வரைபடம். ஒரு மாவட்ட அலுவலகத்தின் கணினிப் பணியாளருக்கு மாநிலம் முழுவதின் பட்டியல் எதற்கு?

சட்டம் என்ன சொல்கிறது?

குற்றத்தைத் தடுக்க, விசாரிக்கத் தரவைக் கையாளும்போது, ஒப்புதல் பெறுவது உள்ளிட்ட பல கடமைகளிலிருந்து 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆனால், தரவைப் பத்திரமாக வைக்கும் கடமைக்கு அந்த விலக்கு பொருந்தாது. அதில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள், அணுகலைக் கட்டுப்படுத்துவதையும் பார்வைப் பதிவுகளை ஓராண்டு வைத்திருப்பதையும் கேட்கின்றன. இவற்றை நடைமுறைப்படுத்த 18 மாத அவகாசம் உண்டு.

என்ன கேட்க வேண்டும்?

அரசின் எந்தத் தரவுத்தளத்தைப் பற்றியும் மூன்று கேள்விகள் கேட்கலாம். புதிதாக உருவாகும் கணக்குக்கு முதல் நாளில் என்ன தெரியும்? ‘ஒன்றும் தெரியாது, கேட்டால்தான் கிடைக்கும்’ என்பதே சரியான பதில். இடமாறுதல் ஆனவரின் அனுமதி எப்போது போகும்? யார் யாருடைய விவரத்தைப் பார்த்தார் என்ற பதிவை, பார்த்தவரைத் தவிர வேறு யார் சரிபார்க்கிறார்?

காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும் பெண்ணும், சந்தேகத்தின் பேரில் படம் எடுக்கப்பட்டு விடுவிக்கப்படும் இளைஞரும் தங்கள் விவரம் எந்தெந்தத் திரையில் தெரிகிறது என்று கேட்க வழியில்லை. அவர்களுக்காக அந்தக் கேள்வியைத் தளத்தை வடிவமைப்பவர்தான் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.