பட்டமா, பட்டாவா?

எங்க தாராபுரம் பக்கம் ஒருத்தர் பட்டக்காரர் பட்டம் கேட்டு வக்கீல் வக்கீலா அலையறாருங்க. பாட்டன் காலத்தோட விட்டுப்போச்சாம். "சட்டப்படி மீட்டுத் தர்றேன்"னு ஒரு ஆலோசகர் முன்பணமும் வாங்கிட்டாரு. வம்சாவளி, செப்பேட்டு நகல், நோட்டரி அபிடவிட்டு, கெஜட்டுன்னு ஒரு நீளப் பட்டியல் வேற. இது பகல் கொள்ளை இல்லாம வேறென்னங்க?

மீட்கறதுக்கு அங்க என்ன இருக்குது? படிப்பு, ராணுவம் சார்ந்தது தவிர எந்தப் பட்டத்தையும் அரசு குடுக்கக் கூடாதுன்னு அரசியல் சட்டத்தோட 18-ஆவது பிரிவு சொல்லுது. 1971-ல 26-ஆவது திருத்தம் வந்து ராஜாக்களோட அங்கீகாரம், மானியம் ரெண்டையும் எடுத்தாச்சு. மைசூர் மகாராஜாவுக்கே இல்லாததை நம்ம ஊரு நோட்டரி குடுத்துருவாரா? கெஜட்டுல பேரை மாத்தினா பேருதான் மாறும்.

கோயில்ல பரிவட்டம், முதல் மரியாதைங்கறது தனிக் கதை. வெறும் மரியாதைக்கு சிவில் வழக்கு நிக்காது, ஒரு பதவியோட சேர்ந்ததா இருக்கணும்னு சுப்ரீம் கோர்ட்டு 1961-லயே சொல்லிருச்சு. 1959-ஆம் வருச அறநிலையத்துறைச் சட்டத்துல 63-ஆவது பிரிவு இருக்குது. வழக்கத்தை நிரூபிச்சா இணை ஆணையர் முடிவு சொல்லுவாரு. அதுவும் அந்தக் கோயில் வாசலோட சரி. இதைச் சொல்ல எதுக்குங்க முன்பணம்?

பழையகோட்டைப் பட்டக்காரர் பேரு இன்னிக்கும் நிக்குதுன்னா, காங்கயம் மாட்டைக் கட்டிக் காப்பாத்துனாங்க, அதனால நிக்குது. அபிடவிட்டுப் போட்டு வாங்குன பேரா அது?

எனக்கு எரிச்சல் அந்த வம்சாவளிக் காகிதத்து மேலதான். அதுல ஆம்பளைங்க பேரு மட்டும் இருக்குது. கூடப் பொறந்த மூணு பொண்ணுகளைக் காணோம். பூர்வீகச் சொத்துல 1989-ல தமிழ்நாடு கல்யாணமாகாத பொண்ணுகளுக்குச் சம பங்கு குடுத்துச்சு, 2005-ல எல்லாப் பொண்ணுகளுக்கும் வந்துருச்சு. இப்ப "மூத்த ஆண் வாரிசு"னு ஒரு காகிதம் தயாராகுது. பட்டம் கிடைக்காது, ஆனா அந்தக் காகிதம் நாளைக்குப் பாகம் பிரிக்கையில வந்து நிக்கும். சட்டத்துல செல்லாதுதான். செல்லாதுன்னு சொல்ல அந்தப் பொண்ணுக வருசக்கணக்கா கோர்ட்டுப் படி ஏறணுமே?

இத்தனைக்கும் தோட்டத்துப் பட்டா இன்னும் தாத்தா பேர்லயே கெடக்குது. குடுத்த முன்பணத்துல சர்வேயரை வெச்சு அளந்து, நாலு பேரும் கையெழுத்துப் போட்டு, பாகப்பத்திரம் பதிஞ்சிருக்கலாம். வக்கீல் வீட்டுக்கு நடந்ததுல ஆடிப்பட்டமும் போயிருச்சு. காடு சும்மா கெடக்குதுங்க.