பீடத்தோடு நின்றால் போதுமா?

"சாமிக்கு ஏன் இந்த வேலை?" ஏழைகளின் உரிமைக்காகக் குருக்களோ துறவியரோ குரல் எழுப்பும்போதெல்லாம், திருப்பலி முடிந்து வெளியேறும் பொதுநிலையினரிடையே எழும் கேள்வி இது. பீடத்தோடு நின்றால் பக்தி. தெருவுக்கு வந்தால் அரசியலாம்! இக்கருத்தை நாம் முற்றிலும் மறுக்கிறோம்.

சாந்தோம் பேராலயத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கிறது நொச்சிக்குப்பம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது, அரிசியும் பாயும் கொண்டு சென்றோரை எவரும் குறை கூறவில்லை. 2023 ஏப்ரலில், உயர் நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து, லூப் சாலையோரம் மீன் விற்ற பெண்களின் கடைகளை மாநகராட்சி அகற்றியது. 'ஆக்கிரமிப்பு' என்றார்கள். குப்பம் முந்தியதா, சாலை முந்தியதா? மீனவர்கள் படகுகளைச் சாலையின் குறுக்கே நிறுத்திப் போராடினர். 2024 ஆகஸ்டில் அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது, நல்லதே. ஆயினும் விற்பதற்குக் கூரை கிடைப்பது வேறு, கரையின் மீது உரிமை ஏற்கப்படுவது வேறு. 1985-இல் மெரினாவை அழகுபடுத்துவதற்காகப் படகுகளையும் வலைகளையும் அகற்றியபோது, எதிர்த்து நின்ற மீனவர்கள்மீது துப்பாக்கிச் சூடே நடந்தது. அந்த நினைவு இக்கரையில் இன்னும் ஆறவில்லை.

ஏந்திய கைக்கு இரங்குகிறோம். அதே கை உரிமை கேட்டு உயர்ந்தால் நம் இரக்கம் வற்றிவிடுகிறது.

"அவர்களில் பலர் நம் சபையினர் அல்லரே" என்பாரும் உளர். நல்ல சமாரியர் உவமையில் அடிபட்டுக் கிடந்தவனின் சமயம் சொல்லப்படவில்லை. விலகிப் போனவர்களுள் முதல்வர் ஒரு குரு என்பதோ தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மறையுரைகளில் அது அவ்வளவாக அழுத்தம் பெறுவதில்லை.

குருக்கள் கட்சிக்கு வாக்குச் சேகரிப்பதை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் உரியாவுக்காகத் தாவீதின் அரண்மனைக்குள் நுழைந்த நாத்தான் எந்தக் கட்சி? இரட்சகர் சபைக் குரு தாமஸ் கோச்சேரி, சமய வேறுபாடின்றி நாட்டின் சிறுதொழில் மீனவர்களை ஒன்றுதிரட்டி, அந்நியக் கப்பல்களுக்கு உரிமம் வழங்குவதை எதிர்த்து உண்ணாநோன்பிருந்தார். திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி, ஜார்க்கண்டில் பழங்குடியினரின் நிலத்துக்காகவும் சிறையில் வாடிய அவர்களுடைய இளைஞருக்காகவும் உழைத்தார். 2020 அக்டோபரில் கைதானபோது அவருக்கு வயது 83. நடுங்கும் கையால் நீர் அருந்த ஓர் உறிஞ்சுகுவளை கேட்டு நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று, பிணை கிடைக்காமலே இறந்தார். இவரிடமும் "சாமிக்கு ஏன் இந்த வேலை?" என்றுதான் கேட்போமா?

நீதிக்கான உழைப்பு நற்செய்தி அறிவிப்பின் பிரிக்க முடியாத கூறு என்று 1971-ஆம் ஆண்டு ஆயர் மாமன்றமே அறிவித்துவிட்டது. ஆகவே கேள்வியைப் பொதுநிலையினரிடமே திருப்புகிறோம். மீனவ ஊர்களையும் அவற்றின் பொது இடங்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை சொன்னது. அந்த வரைபடத்தை விரித்து, வலை உலர்த்தும் மணலும் படகு ஏற்றும் இடமும் அதில் உள்ளனவா என்று குப்பத்துப் பெண்களோடு அமர்ந்து பார்க்க, நம் பங்குகளில் வழக்கறிஞர்களும் பொறியாளர்களும் இல்லையா?