ஓய்வுநாட் சர்ச்சை

இயேசுநாதருக்கும் யூத சமயத் தலைவர்களுக்குமிடையே மூண்ட பிணக்கை, தீயோர் நல்லோரைப் பகைத்த கதையாகக் கூறிவிடுதல் எளிது. நாம் சற்று ஆராய்ந்து பார்ப்போமாக.

மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் 3ஆம் அதிகாரத்தில், சூம்பிய கையுடைய ஒருவனை இயேசுநாதர் ஓய்வுநாளிலே ஜெபாலயத்திற் குணப்படுத்துகின்றார். பரிசேயர் வெகுண்டு, அவரை ஒழிக்க வழி தேடினர் என அந்நூல் கூறும்.

பரிசேயர் இரக்கமற்றவரோ? உயிருக்கு ஆபத்து நேரின் ஓய்வுநாள் விதியை மீறலாம் என்பது யூத மரபுக்கும் உடன்பாடே. சூம்பிய கையோ மறுநாள்வரை பொறுக்கும். குணம்பெற வருவதற்கு ஏனைய ஆறு நாட்களும் உண்டே என ஜெபாலயத் தலைவனொருவன் கூறியதை லூக்காவும் எழுதுகின்றார். துன்புறுவோனை ஒருநாளேனும் காக்கவைத்தல் தகாது என்பது இயேசுநாதர் நிலை. சட்டம் வேண்டாமென்று அவர் கூறினாரல்லர். அதன் நோக்கம் யாதென்றே வினவினார். அவரும் யூதரே, வாதம் ஒரு வீட்டினுள்ளேயே நிகழ்ந்தது.

தலைவர் யாவரும் ஒருமனப்பட்டவருமல்லர். விசாரியாது தீர்ப்பளித்தல் முறையோ என நிக்கொதேமு என்னும் பரிசேயரே கேட்டதை யோவான் சுவிசேஷத்திற் காண்கின்றோம். சிலுவைத் தண்டனை விதித்தவன் உரோம ஆளுநனாகிய பிலாத்து.

இவ்வாறிருந்தும் பழி முழுவதும் யூத இனத்தின்மீது சுமத்தப்பட்டது. ஐரோப்பாவில் அம்மக்கள் பல நூற்றாண்டுகளாக உற்ற கொடுமைகளுக்கு அப்பழியும் ஒரு காரணமாயிற்று. அன்றிருந்த யூதர் அனைவர்மீதோ இன்றுள்ளோர்மீதோ அதனைச் சாட்டலாகாது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965ஆம் ஆண்டிலேதான்.

பிற சமயத்தார் வரலாற்றைப் படிக்கும்போது, சிலர் செயலை ஓரினத்தின் குற்றமாக்காதிருக்க நாம் பழகிக்கொள்ளல் வேண்டும். மாணவர் இதனை நெஞ்சிற் கொள்வாராக.