தொழிலும் தொழிலறிவும்

சிவகங்கைக்கும் திருப்பத்தூருக்கும் இடையே அமைந்தது ஒக்கூர். சங்கப் புலவர்களாகிய மாசாத்தியாரும் மாசாத்தனாரும் வாழ்ந்த ஊர் இதுவே என்று அறிஞர் பலர் கொள்வர். ‘சாத்து’ என்பது பண்டங்களை ஏற்றிக்கொண்டு நெடுவழி செல்லும் வணிகக் கூட்டத்துக்குப் பழைய பெயர். புலவர் இருவர் பெயரிலும் அச்சொல்லின் சாயலைக் காண்போர், வணிகம் இவ்வூருக்கு நேற்று வந்ததன்று என்பர். அக்கருத்து மெய்யாயினும் ஆகுக, அன்றாயினும் ஆகுக. பிற்காலத்து ஒக்கூர் வணிகத்தால் பொலிந்தது என்பதில் ஐயமில்லை. நகரத்தார் வாழும் செட்டிநாட்டு ஊர்களுள் அஃதும் ஒன்று. அவ்வூர்களின் பெருவீடுகளில் முகப்பைக் கடந்து வளவுக்குள் நுழைந்தால் பர்மாத் தேக்கில் கடைந்த தூண்கள் வரிசையாக நிற்கும். ஆனால், அத்தகைய வீடுகளுள் பல, திருமணமோ திருவிழாவோ வரும் நாள்களிலன்றித் திறக்கப்படுவதில்லை.

பள்ளியிறுதி வகுப்பில் பயிலும் மாணவன் இத்தகைய வீடுகளைக் கடந்தே நாள்தோறும் பள்ளிக்குச் செல்கின்றான். மேலே என்ன படிப்பது, எத்தொழிலில் புகுவது என்னும் கவலை அவனுக்கு உண்டு. விடை கூறுவோர்க்கும் குறைவில்லை. கணினித் துறையில் ஊதியம் மிகுதி என்பார் ஒருவர். அரசுத் தேர்வு எழுது என்பார் மற்றொருவர். வளைகுடா நாட்டுக்குச் சென்றவன் வீடு கட்டிவிட்டான் என்று விரல் நீட்டிக் காட்டுவார் வேறொருவர். இம்மூவரும் ஒரே கணக்கைத்தான் போடுகின்றனர்: இன்று எது மிகுதியாகத் தரும்? அதே கணக்கைப் போட்டுப் பார்த்துப் பெருவாழ்வு வாழ்ந்த ஊர்களின் வீடுகளே இன்று பூட்டிக் கிடக்கின்றன என்பதை எவரும் அவனுக்குச் சொல்வதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் செட்டிநாட்டு ஆடவர்க்குத் தொழில் தேர்தல் ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை. ‘கொண்டுவிற்கப் போதல்’ என்பதே அவர்களுக்கு விதித்த வழி. இலங்கை, மலேயா, பர்மா ஆகிய நாடுகளில் வட்டிக்கடை வைத்தனர். சிறுவன் எண்சுவடியை மனப்பாடம் செய்வான்; கால், அரை என்பவற்றோடு நில்லாது மா, காணி, முந்திரி வரையில் பின்னங்களைப் பெருக்கிச் சொல்லப் பழகுவான். முந்திரி என்பது ஒன்றில் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. பின்னர்ப் பெட்டியடிப் பையனாகக் கடையில் அமர்வான். செல்வர் வீட்டுப் பிள்ளையும் பல வேளைகளில் தந்தையின் கடையில் அல்லாமல் பிறர் கடையிலேயே தொழில் பயின்றான். கடையைப் பெருக்குவதும் கடிதத்தைப் படியெடுப்பதும் அவன் முதற்பாடங்கள். பிறகு அடுத்தாள் ஆவான். அதன்பின் மேலாள் ஆவான். மூன்று ஆண்டு ஒரு தவணை. தவணை முடிவில் ஐந்தொகை போட்டு முதலாளியிடம் கணக்கை ஒப்புவித்து, ஊருக்குத் திரும்பிச் சில காலம் தங்கி, மீண்டும் கப்பல் ஏறுவான்.

இம்முறையில் மெச்சத்தக்கவை பல. கடல் கடந்த ஊரில், முதலாளியின் கண் படாத இடத்தில், பிறர் பணத்தை வைத்துக்கொண்டு ஒருவன் மூன்றாண்டு நேர்மையாக இருக்க வேண்டியிருந்தது. கடன் கேட்டு வருபவனின் நிலத்தையும் நாணயத்தையும் ஒரே பார்வையில் எடைபோட வேண்டியிருந்தது. இரங்கூன் மொகல் தெருவில் இருந்த கோயிலில் மாதந்தோறும் வணிகர் கூடி நடப்பு வட்டியை வரையறுத்தனர். ஒருவன் மட்டும் அதற்கு மாறாக நடப்பது அரிதாயிற்று. பட்டமும் சான்றிதழும் இல்லாத காலத்தில் இத்துணைச் செப்பமான தொழிற்கல்வி நடைபெற்றது வியப்பே.

ஆயினும் இம்முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. அனைவரும் ஒரே தொழிலைக் கற்றனர். அதை மிகுதியும் ஒரே நாட்டில் செய்தனர். 1929-ஆம் ஆண்டு உலகெங்கும் தோன்றிய பொருளாதார மந்தத்தால் நெல் விலை வீழ்ந்தது. பர்மிய உழவர் கடனைத் திருப்ப இயலாது நின்றனர். கடனுக்கு ஈடாக நிலங்கள் வந்து சேர்ந்தன. கீழைப் பர்மாவின் முதன்மையான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் நிலம், 1938-க்குள் நூற்றுக்கு இருபத்தைந்து பங்காயிற்று. வணிகர் விரும்பியது பணம்; வந்தது வயல். விற்பதற்கும் ஆளில்லை, வைத்துக்கொள்வதும் எளிதன்று. உழுதவன் கையை விட்டு நிலம் போன அந்த நாட்டில் மனக்கசப்பு வளர்ந்தது. அக்கசப்பை இன்றைய வரலாறு மூடி மறைக்கலாகாது. கடன் கொடுத்தவனின் இழப்பை மட்டும் பேசி, நிலத்தை இழந்தவனை மறப்பது நேர்மையான கணக்காகாது.

1941 டிசம்பரில் ஜப்பானியர் இரங்கூன் மீது குண்டு வீசினர். அடுத்த ஆண்டு பல்லாயிரவர் காடும் மலையும் கடந்து நடந்தே இந்தியா வந்தனர். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. 1963, 1964 ஆகிய ஆண்டுகளில் வங்கிகளும் கடைகளும் அரசின் கைக்கு மாறின. மூன்று தலைமுறை நடந்த வழி அடைபட்டது.

இவ்விடத்தில் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று உண்டு. தொழில் வேறு; தொழிலறிவு வேறு. தொழில் பர்மாவிலேயே தங்கிவிட்டது. தொழிலறிவோ அதைக் கற்றவனோடு கூடவே வந்தது. பள்ளத்தூர் முருகப்பச் செட்டியார் குடும்பத்தார் 1900-இல் பர்மாவின் மௌல்மீனில் வட்டித்தொழில் தொடங்கியவர்கள். காலத்தின் போக்கை முன்னறிந்து, 1930-களிலேயே முதலைத் தாய்நாட்டுக்கு மாற்றினர். 1949-இல் மிதிவண்டி செய்யும் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். வட்டிக்கும் மிதிவண்டிக்கும் உறவு யாது? ஆளைத் தேர்தல், கணக்கை ஆராய்தல், சொன்ன நாளில் சொன்னதைச் செய்தல் ஆகிய இவை இரண்டுக்கும் பொது. எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார் 1937 பெப்ரவரி 10-ஆம் நாள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கிளைகள் திறக்கப்பட்டன. பெட்டியடியில் கற்ற பாடம் வங்கி மேசைக்கு இடம் மாறியது.

இவர்களுக்கு முதல் இருந்தது, ஆதலால் பிழைத்தனர் என்று மறுத்துரைக்கலாம். மறுப்பில் உண்மை உண்டு. மேலாளாகவும் அடுத்தாளாகவும் உழைத்தவர்களுக்குக் கையிருப்பு சிறிது. அவர்கள் பட்ட துன்பம் பெரிது. ஆனால் அவர்களுள்ளும் ஆலைக் கணக்கரானோர், வங்கி எழுத்தரானோர், சிறு கடை வைத்தோர் ஆகியோரைத் தாங்கியது பேரேடு எழுதப் பழகிய கைதான்.

கொத்தரி, கோட்டையூர் என்றெல்லாம் சிற்றூர்கள் சூழ்ந்த காரைக்குடியின் வரலாற்றை மாற்றியவர் கோட்டையூர் அழகப்பச் செட்டியார். 1909-இல் பிறந்த அவர் ஆங்கில இலக்கியம் பயின்றார், இலண்டனில் சட்டம் கற்றார், வானூர்தி ஓட்டவும் பழகினார், நூலாலை நடத்தினார், ஜூபிடர் ஏர்வேஸ் என்னும் வானூர்தி நிறுவனத்தையும் நடத்தினார். ஒரே தொழிலில் ஊறிய மரபில் பிறந்த ஒருவர் இத்தனை துறைகளில் கால் வைத்தது அக்காலத்தார்க்குப் புதுமையாகத் தோன்றியிருக்கும். அவர் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி கண்டார். நாட்டில் ஆராய்ச்சி நிலையங்கள் நிறுவ அரசு முனைந்தபோது, மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25-இல் ஜவாகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் நிலையம் திறக்கப்பட்டது. மின்வேதியியல் என்ற சொல்லையே கேட்டறியாத வறண்ட பூமியில் அது எழுந்தது. இரும்பு துருப்பிடிப்பதைத் தடுக்கும் வழி, உலோகத்துக்கு முலாம் பூசும் வழி, மின்கலம் செய்யும் வழி ஆகியவற்றை அங்கே ஆராய்கின்றனர். அத்துறையில் பொறியியல் பட்டப்படிப்பும் அங்கே உண்டு. வட்டித்தொழிலில் திரண்ட செட்டிநாட்டுச் செல்வம், வட்டித்தொழிலுக்கு வேண்டாத ஒரு கல்விக்கு வழி திறந்தது.

மரபுத்தொழிலை விட்டுவிடுவதே அறிவுடைமை என்று இதனால் கொள்ளற்க. பிள்ளையார்பட்டியில் 1927-இல் பிறந்த கணபதி ஸ்தபதி சிற்பியர் குடியினர். அவர் காரைக்குடிக் கல்லூரியில் கணிதம் பயின்றார். பின்னர் மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரியின் முதல்வராகப் பல்லாண்டு பணியாற்றினார். 2000 ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்ட கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலை அவருடைய ஆக்கம்; பீடத்தோடு அதன் உயரம் 133 அடி. கடற்காற்று ஓயாது மோதும் பாறைமேல் அத்துணைக் கல்லை அடுக்கி நிறுத்துவதற்கு உளியும் வேண்டும்; கணக்கும் வேண்டும்.

ஆத்தங்குடியில் கண்ணாடித் தட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு அழுத்தி, தீயில் சுடாமல் நீரில் ஊறவைத்தே தரைக்கற்கள் செய்கின்றனர். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான முன்மொழிவுப் பட்டியலில் இடம்பெற்றன. பழைய வீடுகள் சில விடுதிகளாகித் திறந்துள்ளன. அவ்வீடுகளைப் பழுதுபார்க்கச் சுண்ணச்சாந்து பூசத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது. கட்டடக்கலை படித்தவனுக்குச் சாந்து குழைக்கத் தெரியாது; குழைக்கத் தெரிந்தவனைப் பட்டதாரி தன்னோடு சமமாக அமர்த்துவதில்லை. இவ்விருவர்க்கும் இடையே ஒரு நல்ல தொழில் ஆளின்றிக் காத்திருக்கிறது.

பெண்களைப் பற்றிப் பேச்செடுத்தால் பழைய கணக்கு இன்னும் குறைபட்டது. ஆடவர் கப்பலேறியபின் வீட்டையும் பிள்ளைகளையும் வரவு செலவையும் தாங்கியவர் அவர்களே. எனினும் தொழில் என்ற பெயர் அதற்குக் கொடுக்கப்படவில்லை. பனையோலையில் அவர்கள் முடைந்த கொட்டான்கள் சீர்வரிசைக்கு மட்டும் பயன்பட்டன. ஒக்கூர்ப் புலவர் இருவருள் மாசாத்தனார் பாடியவை இரண்டு. மாசாத்தியார் பாடியவை எட்டு. இதை அவ்வூர்ப் பள்ளியின் மாணவியர் அறிந்திருப்பது நலம்.

இனி இன்றைய நிலையைக் காண்போம். 2024-இல் நடைபெற்ற நான்காம் தொகுதி அரசுத் தேர்வுக்கு விண்ணப்பித்தோர் 20 இலட்சத்துக்கு மேற்பட்டவர். முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. பின்னர் இடங்கள் கூட்டப்பட்டபோதும், தேறாதோர் தொகையே மலைபோல் நின்றது. அரசுப்பணி இழிந்ததன்று, ஊரார் அனைவரும் அவ்வொரு வாயிலில் நெருக்கி நிற்பதே வருந்தத்தக்கது. முன்பு இரங்கூன் கப்பலுக்கு முன் நின்ற கூட்டமும் இத்தகையதே. அப்போதாவது ஏறியவர்க்கெல்லாம் கப்பலில் இடமிருந்தது.

கற்ற அறிவும் பழையதாகிப் பயனிழக்கும் என்பதையும் மறுத்தல் இயலாது. முந்திரிக் கணக்கை இன்று எவரும் மனத்தால் போடுவதில்லை. கூட்டலும் பெருக்கலும் கணினியின் வேலையாயின. ஆயினும், ஐந்தொகையை நோக்கி ‘இவ்வரவு எவ்வாறு வந்தது?’ என்று ஐயுற்றுக் கேட்கும் பழக்கத்துக்கு ஊதியம் குறையவில்லை. ஒரு வேலையில் சேர விரும்பும் மாணவன் அதன் சம்பளத்தைக் கேட்பது முறையே. அவ்வேலை நாளை மூடப்படுமாயின் தன் கையில் எஞ்சுவது யாது என்பதையும் உடன் கேட்டல் வேண்டும்.

ஒக்கூருக்கு அண்மையிலேயே இக்கேள்வியைக் கேட்டுப் பார்க்கத்தக்க தொழில் ஒன்று உண்டு. சிவகங்கைப் பகுதியின் மண்ணுக்கடியில் கிராபைட்டு என்னும் கனிமம் கிடைக்கின்றது. மாணவன் பென்சிலில் உள்ள கரிய பொருள் அதுதான். அதனைக் காரீயம் என வழங்குவது பிழை, அது கரியின் ஒரு வடிவம். தமிழ்நாடு கனிம நிறுவனம் அதைத் தோண்டியெடுத்துத் தூய்மைப்படுத்துகின்றது. கைப்பேசியிலும் மின்வண்டியிலும் உள்ள லித்தியம் மின்கலத்தில் எதிர்முனையாகப் பெரும்பாலும் அமைவது இக்கிராபைட்டே. அத்தகைய மின்கலங்களை ஆராயும் நிலையமோ காரைக்குடியில் இருக்கின்றது. சுரங்கத்துக்கும் ஆய்வகத்துக்கும் இடையே நிலவியல் அறிந்தவன் வேண்டும். பொறி இயக்குபவன் வேண்டும். தூய்மையை அளந்து சொல்லும் வேதியியலாள் வேண்டும். தோண்டிய குழியால் சுற்றியுள்ள கண்மாய்க்குக் கேடு நேருமா என்று நோக்குபவர் வேண்டும். இவை அனைத்துக்கும் கணக்கெழுதுபவர் வேண்டும். ஒக்கூர்த் திண்ணைகளில் பிள்ளைகளுக்குத் தொழில்களை எண்ணிச் சொல்வோர், இவற்றுள் கடைசியாகச் சொன்ன ஒன்றை மட்டுமே பழக்கத்தால் அறிவர்.