வீடு மாறும்போதும் பயணம் சொல்லுங்கள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர் உறவினர் வீடுகளுக்கும் அண்டை வீடுகளுக்கும் சென்று பயணம் சொல்லிக்கொள்வது நம் சமூகத்தில் நெடுங்காலமாக நிலவிவரும் நல்ல வழக்கம். வளைகுடா நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் செல்லும் இளைஞரும் விமானம் ஏறுவதற்கு முன் பெரியவர்களிடம் ஸலாம் சொல்லி, துஆ செய்யும்படி கேட்டுக்கொண்டே புறப்படுகிறார். "மனம் நோகும்படி ஏதேனும் நடந்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள்" என்ற சொல் அப்போது நம் வீட்டு வாசல்களில் இயல்பாக ஒலிக்கிறது. ஆனால் பத்தாண்டுகள் வாழ்ந்த தெருவை விட்டு, இனி அங்கே வந்து குடியிருக்கப் போவதில்லை என்று தெரிந்தே வேறிடம் செல்லும் குடும்பம் மட்டும் பெரும்பாலும் யாரிடமும் பயணம் சொல்வதில்லை. ஹஜ்ஜுக்குச் செல்பவர் சில வாரங்களில் திரும்பிவிடுகிறார். வீடு மாறுபவர் திரும்புவதில்லை. அப்படியானால் பயணம் சொல்ல வேண்டிய தேவை இருவரில் யாருக்கு அதிகம்?

சென்னை மண்ணடியில் மக்தப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுக்கும் எனக்கு இந்தக் கேள்வி ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது. தென் மாவட்டங்களிலிருந்து வணிகத்துக்கும் வேலைக்கும் வந்து மண்ணடியில் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். திருமணமான புதிதில் ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட மாடி வீடு போதுமானதாக இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் பிறந்து வளரும்போது இடம் போதுவதில்லை. வாடகையும் ஏறிக்கொண்டே போகிறது. பல்லாவரம், தாம்பரம் என்று புறநகர்ப் பக்கம் வீடு பார்த்துச் செல்கிறார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்குக் காற்றோட்டமான வீட்டைத் தேடுவது தகப்பனின் பொறுப்பு. ஆனால் வருகைப் பதிவேட்டில் ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே ஒரு வாரம் தொடர்ந்து விடுப்புக் குறி விழுந்த பிறகு, "அவங்க வீடு மாறிப் போயிட்டாங்க உஸ்தாத்" என்று பக்கத்துப் பிள்ளை சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலைதான் வருத்தம் தருகிறது.

சொல்லாமல் போவதற்குக் காரணங்கள் பல. சொந்த வீடு வாங்கியது தெரிந்தால் கண்ணேறு பட்டுவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். மளிகைக் கடைப் பற்றுக் கணக்கு நிலுவையில் இருப்பதால் சிலர் தயங்குகிறார்கள். பிரியும் நேரத்தில் அழுகை வந்துவிடும் என்று சிலர் கூசுகிறார்கள். "கைப்பேசிதான் இருக்கிறதே, கடற்கரையிலிருந்து தாம்பரம் இரயிலில் ஒரு மணி நேரம், அடிக்கடி வந்து போவோம்" என்று வேறு சிலர் சமாதானம் சொல்கிறார்கள். கண்ணேறு உண்மை என்பதை மார்க்கம் மறுக்கவில்லை. அதற்கான பாதுகாப்பு அல்லாஹ்விடம் காவல் தேடுவதிலும், ஃபலக், நாஸ் ஆகிய சூராக்களை ஓதுவதிலும் இருக்கிறது. அண்டை வீட்டாருக்குத் தெரியாமல் இரவோடு இரவாக வண்டி ஏற்றுவதில் இல்லை.

ஊரைப் பிரியும்போது உள்ளம் கனப்பது ஈமானின் பலவீனம் அன்று. நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு வெளியேறியபோது அந்த நகரத்தை நோக்கி, அல்லாஹ்வின் பூமியில் அவனுக்கு மிக விருப்பமானது அதுவே என்றும், தம்மை வெளியேற்றியிராவிட்டால் தாம் வெளியேறியிருக்க மாட்டோம் என்றும் கூறியதைத் திர்மிதி பதிவு செய்துள்ளது. மதீனாவுக்கு வந்த தொடக்க நாட்களில் அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) ஆகியோர் காய்ச்சலில் வாடி, மக்காவின் நினைவில் ஏங்கியதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அந்த ஏக்கத்தை நபியவர்கள் கண்டிக்கவில்லை. மக்காவை நேசித்தது போல, அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவையும் தங்களுக்கு நேசத்துக்குரியதாக ஆக்கும்படி துஆ செய்தார்கள். பழைய ஊரின் மீதான அன்பைப் பிடுங்கி எறியாமல் புதிய ஊரின் மீதும் அன்பைக் கேட்கும் வழிமுறை இது.

ஆனால் அன்பை விடவும் கனமான ஒன்று ஹக்கு. கி.பி. 622இல் நிகழ்ந்த ஹிஜ்ரத்தை எண்ணிப் பாருங்கள். உயிருக்கே குறி வைக்கப்பட்ட இரவு அது. அந்த நெருக்கடியிலும், மக்காவாசிகள் தம்மிடம் ஒப்படைத்திருந்த அமானிதப் பொருட்களை உரியவர்களிடம் சேர்க்கும்படி அலீ (ரலி) அவர்களை நபியவர்கள் விட்டுச் சென்றதாக ஸீரா நூல்கள் கூறுகின்றன. அலீ (ரலி) மூன்று நாட்கள் தங்கி அவற்றை ஒப்படைத்துவிட்டே மதீனா நோக்கிப் புறப்பட்டார்கள். பொருட்களின் உரிமையாளர்களில் பலர் பகைத்த கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அப்படியிருந்தும் கணக்குத் தீர்க்கப்பட்டது. துரத்தப்பட்டுப் போனவர்களே அமானிதத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள் எனில், நல்ல வீடு கிடைத்து மகிழ்ச்சியோடு போகும் நாம் அவசரத்தைச் சாக்காகச் சொல்ல முடியாது.

வீடு மாறும்போது நாம் எதையெல்லாம் கவனமாகச் செய்கிறோம்! ஆதார் முகவரியை மாற்றுகிறோம். எரிவாயு இணைப்பை மாற்றுகிறோம். பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழ் வாங்குகிறோம். வீட்டு உரிமையாளரிடம் முன்பணத்தை ஒரு ரூபாய் குறையாமல் எண்ணி வாங்குகிறோம். நமக்கு வர வேண்டியவற்றில் இருக்கும் இந்தக் கவனம் நாம் தர வேண்டியவற்றிலும் இருக்க வேண்டும் அல்லவா? மளிகைக் கடை நிலுவை, பால்காரருக்கும் துணி தேய்ப்பவருக்கும் தர வேண்டியது, கந்தூரிக்கோ கல்யாணத்துக்கோ இரவல் வாங்கிய தேக்சா, நோன்புக் கஞ்சி வாங்கி வந்து திருப்பித் தராமல் நம் அலமாரியில் தங்கிவிட்ட பக்கத்து வீட்டுத் தூக்குச்சட்டி, பள்ளிவாசல் சந்தா பாக்கி ஆகிய ஒவ்வொன்றும் ஹக்கு. இவர்களில் முஸ்லிமும் உண்டு, மாற்று மதச் சகோதரரும் உண்டு. அந்நிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனம் உறவினரான அண்டை வீட்டாரையும் உறவல்லாத அண்டை வீட்டாரையும் சேர்த்தே நன்மை செய்யச் சொல்கிறது. கடன் கொடுத்தவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளிடம் கொடுக்க வேண்டும். எவ்வளவு தேடியும் உரியவரைக் கண்டுபிடிக்க இயலாவிட்டால் அவர் பெயரில் தர்மம் செய்ய வேண்டும் என்று அறிஞர்கள் வழிகாட்டியுள்ளனர்.

பொருளைவிடக் கடினமானது மனக்கணக்கு. ஒரு சகோதரனின் மானத்திலோ வேறு எதிலோ அநீதி இழைத்தவர், தீனாரும் திர்ஹமும் பயன்படாத நாள் வருவதற்கு முன்பே அதற்குப் பொருத்தம் தேடிக்கொள்ளட்டும் என்னும் கருத்தில் புகாரியில் ஹதீஸ் வந்துள்ளது. அன்று நம் நற்செயல்களிலிருந்து எடுத்து அவருக்குக் கொடுக்கப்படும். நற்செயல்கள் இல்லையெனில் அவருடைய பாவங்கள் நம் மீது சுமத்தப்படும். இப்போது சிலர் வாட்ஸ்அப் நிலைத்தகவலில் "தெரிந்தோ தெரியாமலோ தவறு செய்திருந்தால் மன்னிக்கவும்" என்று ஒரு படத்தைப் போட்டுவிட்டுக் கடமை முடிந்ததாகக் கருதுகிறார்கள். முந்நூறு பேருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அந்தச் சொல், உண்மையில் மனம் நொந்திருக்கும் ஒருவரின் கதவைத் தட்டுவதற்கு ஈடாகாது. ஒரு விஷயத்தில் மட்டும் நிதானம் தேவை. புறம் பேசியது சம்பந்தப்பட்டவருக்கே தெரியாமல் இருந்து, போய்ச் சொன்னால் பகைதான் வளரும் என்றால், அதை விவரிக்காமல் அவருக்காக துஆச் செய்து, பாவமன்னிப்புத் தேடி, எங்கே இழிவாகப் பேசினோமோ அங்கேயே அவரைப் பற்றி நல்லது பேசும்படி அறிஞர் பலர் கூறியுள்ளனர்.

சென்ற ஆண்டு எங்கள் தெருவிலிருந்து தாம்பரம் பக்கம் சென்ற ஓர் இளம் குடும்பம் இதைச் செய்த விதம் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால், அவர்களின் அனுமதியோடு எழுதுகிறேன். கணவர் மின்பொருள் கடையில் வேலை செய்பவர். மூத்த மகள் எட்டு வயது. என்னிடம் முப்பதாவது ஜுஸ்உ மனனம் செய்துகொண்டிருந்தாள். இளையவனுக்கு மூன்று வயது. புறப்படுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு தாளில் இரண்டு பட்டியல்கள் எழுதினார்கள். கொடுக்க வேண்டியவை ஒன்று. பார்க்க வேண்டியவர்கள் மற்றொன்று. இரண்டாவது பட்டியலின் கடைசியில், கீழ்த்தளத்தில் குடியிருக்கும் ஒரு பெண்மணியின் பெயர் இருந்தது. தண்ணீர் மோட்டார் போடும் முறை குறித்து ஏற்பட்ட வாக்குவாதத்தால் இரண்டு ஆண்டுகள் பேச்சு நின்றுபோயிருந்தது. யார் பக்கம் நியாயம் என்பது எனக்குத் தெரியாது. மனைவி ஒரு கிண்ணத்தில் வட்டலப்பம் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய், "லாத்தா, அன்னைக்கு நான் பேசினது உங்க மனசுல இருக்கும். பொருந்திக்கங்க" என்று சொன்னார். அந்தப் பெண்மணி கிண்ணத்தை வாங்கிக்கொண்டாரே தவிர மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. புறப்பட்ட நாளன்று காலையில் அவருடைய மகன் யாரும் அழைக்காமலே மாடிக்கு வந்து, பீரோவை இறக்கக் கை கொடுத்தான். கழுவிய கிண்ணத்தில் சர்க்கரை நிரப்பி அவன் கையில் கொடுத்தனுப்பியிருந்தார் தாய்.

மாடியில் தனியே வசிக்கும் முதியவர் ஒருவரை அந்தப் பிள்ளைகள் நன்னிமா என்றே அழைப்பார்கள். அவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்த்ததில் அவருக்கும் பங்குண்டு. பிள்ளைகள் அழுவார்கள் என்று அவர்களை உறக்கத்திலேயே தூக்கிச் சென்றுவிடலாம் எனச் சிலர் யோசனை சொன்னார்கள். தாய் மறுத்துவிட்டார். மூவரும் அழுதார்கள், நன்னிமா இருவர் தலையிலும் கை வைத்து ஓதி ஊதினார். அழுகைக்கு அஞ்சிப் பிள்ளைகளிடமிருந்து பிரிவை மறைக்கும் பெற்றோர், அன்பு கொண்டவர்களை ஒரு சொல்லும் இல்லாமல் விட்டுப் போகலாம் என்பதையே அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். நாளை நமக்கு வயதாகும்போது அந்தப் பாடத்தை அவர்கள் நம்மிடமே நடத்திக் காட்டினால் யாரை நொந்துகொள்வது?

அந்தப் பிள்ளையின் தந்தை மக்தபுக்கும் வந்தார். மகள் எந்த சூரா வரை மனனம் செய்திருக்கிறாள், எந்த எழுத்துகளின் உச்சரிப்பில் திருத்தம் தேவை என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனார். புதிய இடத்து உஸ்தாத் முதல் நாளே விட்ட இடத்திலிருந்து தொடங்கினாராம். சொல்லாமல் போன பிள்ளைகளில் சிலர் மூன்று, நான்கு மாதங்கள் ஓதாமலே இருந்து, பிறகு தொடக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். ஜமாஅத் அலுவலகத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். சந்தாவை நேர்செய்து, மாறிச் செல்வதைத் தெரிவித்து, புதிய மஹல்லாவில் பதிந்துகொள்வதற்குச் சோம்பல்படும் குடும்பம், பிள்ளையின் நிகாஹுக்கு ஜமாஅத் கடிதம் தேவைப்படும் நாளில் இரண்டு இடத்துக்கும் அந்நியமாகி நிற்கிறது.

தெருவில் தங்குபவர்களுக்கும் பொறுப்பு உண்டு. "காசு வந்ததும் நம்மை மறந்துட்டாங்க" என்று முதுகுக்குப் பின்னால் பேசுவது அவர்கள் விட்டுச் சென்ற நன்மைகளை மறைப்பதாகும். வழியனுப்புபவர், பயணம் செல்பவரின் மார்க்கத்தையும் அமானிதத்தையும் செயல்களின் முடிவையும் அல்லாஹ்விடம் ஒப்படைத்து துஆச் செய்வது நபிவழி. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயணம் சொல்வதை விருந்தும் மேடையுமாக ஆக்கிவிட வேண்டாம். கடன் வாங்கி நூறு பேருக்குப் பிரியாணி போட்டு விடைபெறுவது, தீர்க்க வேண்டிய கணக்கில் இன்னொன்றைச் சேர்ப்பதே. இதற்கு வேண்டியதெல்லாம் காலணியை வாசலில் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் உட்காரும் பொறுமை மட்டுமே.

தாம் செய்தது நன்மையா தீமையா என்று எப்படி அறிவது எனக் கேட்ட ஒருவரிடம், அண்டை வீட்டார் நல்லவிதமாகச் சொல்வதைக் கேட்டால் நன்மை செய்திருக்கிறீர், தீயவிதமாகச் சொல்வதைக் கேட்டால் தீமை செய்திருக்கிறீர் என்னும் கருத்தில் நபியவர்கள் பதிலளித்ததாக இப்னு மாஜாவில் உள்ளது. நாம் புறப்பட்டுச் சென்ற மறுநாள் காலை, தெருக்குழாயடியிலும் தேநீர்க் கடையிலும் நம்மைப் பற்றி எழும் பேச்சு அத்தகைய சாட்சியம். அதைக் கேட்க நாம் அங்கே இருக்கமாட்டோம். ஆகவே இந்த மாதம் வீடு மாறவிருக்கும் இளம் தம்பதிகளே, அட்டைப் பெட்டிகளை வாங்குவதற்கு முன் ஒரு தாளை எடுத்து அந்த இரண்டு பட்டியல்களையும் எழுதுங்கள். எழுதத் தயங்கும் பெயர் எதுவோ, அந்த வீட்டுக்கே முதலில் செல்லுங்கள்.

யா அல்லாஹ்! நாங்கள் விட்டுச் செல்லும் வீடுகளில் யாருடைய மனக்குறையும் தங்கிவிடாமல் காப்பாயாக. நாங்கள் நுழையும் வீடுகளில் பரக்கத்தையும் நல்ல அண்டை வீட்டாரையும் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.