கேள்வி மாறிய கதையும் பதிவாக வேண்டும்

2016ஆம் ஆண்டில் இலங்கையின் தோட்டத்துறையில் வறுமைக்கோட்டுக்குக் கீழே வாழ்ந்தோர் 8.8 வீதம். 2019இல் 33.8 வீதம். இரண்டுமே தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் குடும்ப வருமான, செலவின அளவீட்டிலிருந்து வெளியிட்ட உத்தியோகபூர்வ எண்கள்தாம். இவற்றை அடுத்தடுத்து வைத்து, மூன்றே ஆண்டுகளில் மலையகத்தின் வறுமை நான்கு மடங்கானது என்று எழுதினால் அது பிழை. முதல் எண் 2002ஆம் ஆண்டை அடிப்படையாக வைத்து வரைந்த கோட்டால் அளந்தது. இரண்டாவது, 2012/13ஐ அடிப்படையாகக் கொண்டு உயர்த்திய கோட்டால் அளந்தது. கோடு மாறியதைத் திணைக்களமே அறிவித்ததால் இந்தப் பிழையைத் தவிர்க்க முடிகிறது. ஆனால் அதற்கு முன்பே ஒரு பெரிய சரிவு நடந்திருக்கிறது. 2006/07இல் 32.0 வீதமாக இருந்த தோட்டத்துறை வறுமை 2009/10இல் 11.4 வீதமானது. கோடு அங்கே ஒன்றுதான். இந்த இறக்கத்தில் கூலி உயர்வின் பங்கு எவ்வளவு, மற்றக் காரணங்களின் பங்கு எவ்வளவு, கேட்ட விதத்தில் ஏதும் மாறியதா என்று ஒருவர் சரிபார்க்க விரும்பினால், இரண்டு வினாக்கொத்துகளையும் மேசையில் விரித்து வரிவரியாக ஒப்பிட வேண்டியதுதான். அந்த வேலை வாசகர் தலையில் விழக்கூடாது. தொடர்ந்து நடக்கும் அளவீடுகளில் எந்தக் கேள்வி, எப்போது, எப்படி மாறியது என்ற விபரத்தை மென்பொருளில் பதிந்து, மூன்று மொழிகளிலும் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டியது அரசின் கடமை.

கேள்வியை மாற்றவே கூடாது என்று யாரும் கேட்க முடியாது. தோட்டத்தில் வாழ்க்கை மாறிக்கொண்டே இருக்கிறது. சம்பளத்தையே எடுத்துக்கொள்வோம். 2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி நாட்கூலி 730 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 500, வரவுக் கொடுப்பனவு 60, விலைப் பங்குக் கொடுப்பனவு 30, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140. 2019 ஒப்பந்தத்தில் அடிப்படை 700 ஆகி, விலைப் பங்கு 50 ஆகி, மற்ற இரண்டும் எடுபட்டுப்போயின. 2021இல் சம்பளச் சபை வழியாக 1,000 ரூபாய் வந்தது. இவற்றுக்கு நடுவே முழுநாள், அரைநாள் கூலியைக் குறிக்கும் முழுப்பேர், அரைப்பேர், மேலதிகக் கிலோவுக்கான காசு, கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கும் நாட்கள் என்று ஒரு கணக்கு உண்டு. சேமலாப நிதி, தொழிற்சங்கச் சந்தா, பண்டிகை முற்பணம், தேயிலைத்தூள் என்று கழிவுகளும் உண்டு. "போன மாதச் சம்பளம் எவ்வளவு?" என்று ஒரே வரியில் கேட்டால், லயத்தில் இருக்கும் பெண் கையில் வந்த காசைச் சொல்லலாம், சம்பளத்துண்டில் மேலே அச்சாகியிருக்கும் மொத்தத்தையும் சொல்லலாம். கூறு கூறாகக் கேட்டால் வேறொரு தொகை வரும். எடுபட்டுப்போன கொடுப்பனவை வினாக்கொத்தில் வைத்திருப்பது வீண், புதிதாக வந்ததைக் கேட்காமல் விடுவது பிழை. ஆகவே கேள்வி மாறத்தான் வேண்டும். மாறியபின் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே பொருளைத்தான் குறிக்கின்றனவா என்பதுதான் சிக்கல்.

இதைவிடக் கடினமான மாற்றம் ஒன்று வாசலில் நிற்கிறது. சில தோட்டங்களில் தேயிலை மலையின் ஒரு பகுதியைக் குடும்பங்களிடம் ஒப்படைத்து, அவர்களே பராமரித்துப் பறிக்கும் கொழுந்தைக் கம்பனி வாங்கிக்கொள்ளும் முறை நடக்கிறது. அந்தக் குடும்பத்தார் கூலித் தொழிலாளரா, சுயதொழில் செய்பவரா? நிலம் அவர்களுடையதல்ல, விலையைத் தீர்மானிப்பவர்களும் அவர்களல்லர். இத்தகையோருக்காகவே 2018இல் சர்வதேசத் தொழில் புள்ளிவிபரவியலாளர் மாநாடு, பிறரைச் சார்ந்திருக்கும் ஒப்பந்தக்காரர் என்ற தனி வகையை ஏற்றுக்கொண்டது. 1990 முதல் காலாண்டு தோறும் நடக்கும் நமது தொழிற்படை அளவீட்டில் இந்த வகை முழுமையாகச் சேரும் காலாண்டில் நுவரெலியாவின் கூலித் தொழிலாளர் எண்ணிக்கை குறைந்ததாகத் தெரியும். தோட்டத் தொழில் அழிகிறது என்று ஒருவர் எழுதுவார், மலையகத்தில் சுயதொழில் மலர்கிறது என்று இன்னொருவர் எழுதுவார். இருவரும் கையில் உத்தியோகபூர்வ எண்ணை வைத்துக்கொண்டே தவறான முடிவுக்கு வந்திருப்பார்கள்.

இதற்கு வேண்டிய மென்பொருள் ஏதோ எட்டாத தொழில்நுட்பமல்ல. ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடையாள எண், அதன் ஒவ்வொரு வடிவமும் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை நடைமுறையில் இருந்தது, சிங்களம், தமிழ், ஆங்கிலச் சொற்கள், எந்த வயதினரிடம், எந்த முன்கேள்விக்கு என்ன பதில் சொன்னவரிடம் அது கேட்கப்பட்டது, விடைக் குறியீடுகள், தரவுக் கோப்பில் அது எந்தப் பத்தியாக வந்து சேர்ந்தது. இவ்வளவும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்க வேண்டும். தொழிற்படை அளவீட்டில் முன்பு 10 வயதிலிருந்து கேட்கப்பட்ட கேள்விகள் இப்போது 15 வயதிலிருந்துதான் கேட்கப்படுகின்றன. ஒரு கேள்வியின் சொல் கொஞ்சமும் மாறாமல், கேட்கப்படும் ஆட்கள் மட்டும் மாறினாலும் எண் மாறும் என்பதற்கு இதுவே சான்று. நெதர்லாந்துப் புள்ளிவிபரத் திணைக்களம் உருவாக்கிய பிளேஸ், அமெரிக்கக் குடிசனக் கணக்கெடுப்புத் திணைக்களத்தின் சி.எஸ்.புரோ, உலக வங்கியின் சர்வே சொலூஷன்ஸ் ஆகியவை டேப்லெட்டில் கேள்வி கேட்க உதவுகின்றன; பின்னைய இரண்டும் இலவசம். ஆனால் கேள்வி கேட்பது வேறு, கேள்வியின் வரலாற்றைப் பல சுற்றுகளுக்குக் குறுக்கே இணைத்து வைப்பது வேறு. இரண்டாவது வேலைக்கென டி.டி.ஐ. என்ற சர்வதேச ஆவண நியமம் இருக்கிறது. 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டையே டேப்லெட்டில் நடத்திய நாட்டுக்கு அதைக் கையாளத் தெரியாதா என்ன?

கவனமில்லாத மாற்றம் என்ன செய்யும் என்பதற்கு அயலிலேயே பாடம் உண்டு. இந்தியத் தேசிய மாதிரி அளவீட்டின் 1999-2000 சுற்றில், உணவுச் செலவைக் கடந்த 30 நாட்களுக்கும் கடந்த 7 நாட்களுக்கும் ஒரே குடும்பத்திடம் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் கேட்டார்கள். ஒரு விடை மற்றதைப் பாதித்திருக்கும் என்று பொருளியலாளர்கள் வாதிட்டார்கள். 1993-94இல் 36 வீதமாக இருந்த வறுமை 26 வீதமாகக் குறைந்தது என்ற அறிவிப்பை எவ்வளவு நம்பலாம் என்ற சர்ச்சை ஆண்டுக்கணக்கில் ஓடியது. மாறாக, அமெரிக்கா தன் மாதாந்தத் தொழிற்படை அளவீட்டின் வினாக்கொத்தை 1994 சனவரியில் மாற்றுவதற்கு முன், 1992 நடுப்பகுதியிலிருந்து புதிய வடிவத்தைத் தனி மாதிரியில் இணையாக நடத்திப் பார்த்தது. மாற்றத்தால் மட்டும் எண் எவ்வளவு நகரும் என்று அதனால் முன்கூட்டியே கணிக்க முடிந்தது.

வினாக்கொத்துகளைத் திணைக்களம் வெளியிடுகிறதே, அதன் லங்கா தத்த இணையத்தளத்தில் ஆவணங்கள் கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். கிடைக்கின்றன, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் தனித்தனிச் சுற்றின் ஆவணங்கள் எத்தனை இருந்தாலும், ஒரு கேள்வியின் தொடர் வரலாறு அவற்றிலிருந்து தானாக எழுந்து வராது. தோட்டத்துறை மக்கள் தொகையில் 2012 கணக்குப்படி 4.4 வீதம்தான், மாதிரி சிறியது, எண் எப்படியும் ஆடும், இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்ற வாதம் இன்னும் கனமானது. என் கணக்கில் அது எதிர்த் திசையில்தான் வேலை செய்கிறது. மாதிரி சிறியதாக இருப்பதால் தற்செயலான ஆட்டம் ஏற்கனவே அதிகம். அதன்மேல் கேள்வி மாற்றத்தின் ஆட்டமும் சேர்ந்தால் உண்மையான மாற்றத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. கொழும்பைப் பற்றிய எண் கொஞ்சம் பிசகினாலும் சரிபார்க்க வேறு பல மூலங்கள் உண்டு. அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் அத்தனை மூலங்கள் இல்லை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடு நாட்டில் 17 வீதமாகவும் தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 வீதமாகவும் இருந்ததை 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீடு காட்டியது. நிதி ஒதுக்கீடு கேட்டுப் பேசும்போது இந்தச் சமூகத்தின் கையில் இருப்பவை இத்தகைய எண்களே.

மென்பொருள் எல்லாவற்றையும் திருத்தாது என்பதும் உண்மை. கொழுந்து பறிக்கப் போனவள் வீடு திரும்புமுன் வந்து, வீட்டிலிருக்கும் முதியவரிடம் அவளது சம்பளத்தைக் கேட்டுப் பதிந்தால் எந்தப் பதிவேடும் அதைச் சரிசெய்யாது. அதற்குப் பயிற்சியும் நேரமும் தமிழ் பேசும் அலுவலர்களும் வேண்டும். ஆனால் யாரிடம் கேட்கப்பட்டது என்பதே பதிவாகாமல் போவதைத் தடுக்கலாம். இப்போதைக்குச் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. தொழிற்படை அளவீட்டில் தோட்டக் குடும்பங்களின் தொழில்நிலை பற்றிய கேள்வியை மாற்றுவதற்கு முன், நுவரெலியா, பதுளை மாவட்டத் தோட்டங்களில் நான்கு காலாண்டுகளுக்கு மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிடம் பழைய கேள்வியையும் மறு பாதியிடம் புதியதையும் கேட்க வேண்டும். இரண்டு எண்களையும், இரண்டு கேள்விகளின் முழு வாசகத்தையும் ஒரே பக்கத்தில் வெளியிட வேண்டும்.