கூவாக் குயில்

குயிலினப் பறவைகள் கூடு கட்டுமோ என்ற வினாவுக்குச் "சில கட்டும்" என விடையெழுதிய மாணவன் ஒருவனுக்குச் சுழியிட்டிருக்கக் கண்டேன். திருத்தியவர் காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயிலொன்றையே அறிந்தவர் போலும். மாணவன் எழுதியதே சரி.

மடகாசுகரின் தென்மேற்கில் மழை அருகிய முட்காடு ஒன்றுண்டு. நெடுந்தீவிலும் மன்னாரிலும் நாம் காணும் பெருக்கமரத்தின் இனத்தனவும், முள்ளடர்ந்த நெடுஞ்செடிகளும் செறிந்த வறுநிலம் அது. ஆங்கே புதரடியில் நடந்தும் ஓடியும் இரைதேடுவது ஒரு குயிலினப் பறவை. கண்ணைச் சூழ நீலத்தோல், நீண்ட வால், பறத்தல் அரிது. 1867இல் அதனை விவரித்த பிரெஞ்சு அறிஞர் கிராந்திடியே, 'ஓடுவது' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லாற் பெயரிட்டார். அதன் பேரினப் பெயரோ 'கூவா'. நம் செவிக்கு அஃது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாய்த் தொனிக்கும். ஆயினும் அது குரலெழுப்பும் பறவையே! மடகாசுகருக்கே உரிய இக்கூவாக்கள் தம் கூட்டைத் தாமே கட்டித் தம் குஞ்சுக்குத் தாமே ஊட்டுவன. அவற்றின் முட்காடோ கரிக்காகவும் சோளச் செய்கைக்காகவும் வெட்டுண்டு வருகின்றது.

அத்துணைத் தொலைவு செல்வானேன்? நம் வேலியோரத்தில் நடந்து திரியும் செண்பகமும் குயிலினமே. அதுவும் தன் கூட்டைத் தானே கட்டும். உவமைக்கு வேண்டிய குயிலைப் புலவர் வைத்துக்கொள்க. அவ்வுவமையையே விதியாக்கி விடைத்தாள் திருத்துதல் முறையன்று. செண்பகத்தைக் கண்ணாற் கண்டு எழுதிய பிள்ளைக்கு, இனிக் கண்ணை நம்புவதா, ஆசிரியரை நம்புவதா என்ற ஐயம் பிறவாதா?

அவன் இழந்த புள்ளியை மீளக் கொடுக்குமாறு கேட்டிருக்கின்றேன்.